பழையதை அழிக்காதீர்கள், பெரியதை அழியுங்கள்!

"டிஸ்க்கில் இடம் இல்லை" என்ற எச்சரிக்கை திரையின் ஓரத்தில் எட்டிப் பார்த்தவுடன் நம்மில் பலரும் செய்வது ஒன்றே. இமெயில் புரோகிராமைத் திறக்கிறோம். தேதி என்ற தலைப்பில் கிளிக் செய்து, மிகப் பழைய மெயில்களை மேலே கொண்டு வருகிறோம். முதல் மெயிலில் ஒரு கிளிக். ஷிப்ட் கீயை அழுத்திக் கொண்டு ஆயிரமாவது மெயிலில் இன்னொரு கிளிக். பின் டெலீட். வீட்டைப் பெருக்கியது போல மனதில் ஒரு நிம்மதி.

இந்தப் பழக்கம் தவறு என்பது என் கருத்து. சாப்ட்வேர் இன்ஜினியராகச் சம்பளம் வாங்கும் நானே இதைச் செய்து, அதற்குரிய தண்டனையை அனுபவிக்க இருந்து, மயிரிழையில் தப்பியவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மாமாவின் கம்ப்யூட்டர்

எங்கள் ஊர் சேத்தியாத்தோப்பு. நெய்வேலியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் மாமா, டவுன்ஷிப் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு இங்கேதான் வீடு கட்டிக் குடி வந்தார். அத்தை மகன் 2005ல் மஸ்கட்டிற்கு வேலைக்குப் போனார். போனில் பேசினால் காசு அதிகம் ஆகும் காலம் அது. மாமா ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, இ-கலப்பை போட்டு, தமிழில் டைப் செய்யப் பழகி, மொஸில்லா தண்டர்பேர்ட் புரோகிராம் மூலம் மகனுக்கு வாரம் மூன்று நான்கு மெயில் எழுதினார். நாங்கள் சின்னப் பிள்ளைகள். அவர் ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதுவதைப் பார்த்துச் சிரிப்போம்.

2018ல் நான் இன்ஜினியரிங் கடைசி வருடம். பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, "கம்ப்யூட்டர் ரொம்ப மெதுவா இருக்குடா, இடம் இல்லை இடம் இல்லைன்னு சொல்லுது" என்றார் மாமா. நமக்குத் தெரியாததா! உட்கார்ந்தேன். அவருடைய சென்ட் போல்டர் மட்டுமே 1.6 கிகாபைட் இருந்தது. தேதிப்படி அடுக்கினேன். 2012 முடிய இருந்த அத்தனை மெயில்களையும் தேர்ந்தெடுத்து நீக்கினேன். டிராஷ் போல்டரையும் காலி செய்தேன். "மாமா, பழைய குப்பையெல்லாம் போயாச்சு" என்று பெருமையாகச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. படித்த பையன் செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார்.

வேடிக்கை என்னவென்றால், இத்தனை அழித்த பிறகும் சென்ட் பைலின் அளவு 1.6 கிகாபைட்டாகவே இருந்தது. ஏன் என்று யோசிக்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை. அவர் சேர்த்து வைத்திருந்த கல்யாண வீடியோக்களை ஒரு எக்ஸ்டெர்னல் டிஸ்க்கிற்கு மாற்றினேன். எச்சரிக்கை நின்றது. நான் ஹாஸ்டலுக்குப் போய்விட்டேன்.

2022ல் மாமா காலமானார். காரியம் எல்லாம் முடிந்து நான்கைந்து நாள் கழித்து அத்தை என்னிடம் வந்து, "தம்பி, மாமா அவனுக்கு எழுதினதெல்லாம் இந்தப் பொட்டியிலதானே இருக்கு? எனக்குக் கொஞ்சம் படிச்சுக் காட்டேன்" என்றார்கள்.

எனக்கு வியர்த்துவிட்டது. அத்தான் அந்த நாளில் பயன்படுத்தியது கம்பெனி கொடுத்த மெயில் முகவரி. வேலை மாறியபோதே அந்த அக்கவுண்ட் போய்விட்டது. ஆக, அந்தக் கடிதங்களின் ஒரே பிரதி மாமாவின் சென்ட் போல்டரில்தான் இருந்தது. அதைத்தான் நான் குப்பை என்று அழித்திருந்தேன்.

டெலீட் செய்தால் என்ன நடக்கிறது?

இங்கே கொஞ்சம் தொழில்நுட்பம் தெரிந்து கொள்ள வேண்டும். தண்டர்பேர்ட் புரோகிராமில் நாம் பார்க்கும் ஒவ்வொரு போல்டரும் உண்மையில் போல்டர் அல்ல. ஒரே ஒரு பைல். இன்பாக்ஸ் ஒரு பைல், சென்ட் ஒரு பைல். அதற்குள் மெயில்கள் ஒன்றன் பின் ஒன்றாக, ஒரு நீளமான சுருள் போல எழுதப்பட்டிருக்கும். எம்பாக்ஸ் என்று இதற்குப் பெயர். யூனிக்ஸ் காலத்திலிருந்து வரும் பழைய முறை. கூடவே எம்.எஸ்.எப். என்ற துணைப் பெயரில் சின்னதாக ஒரு இன்டெக்ஸ் பைல் இருக்கும். திரையில் நாம் காணும் பட்டியல் இதிலிருந்து வருவதுதான்.

ஒரு மெயிலை டெலீட் செய்தால், அந்தப் பெரிய பைலிலிருந்து அது வெட்டி எடுக்கப்படுவதில்லை. நடுவில் வெட்டினால் மீதி முழுவதையும் நகர்த்தி எழுத வேண்டும், அதற்கு நேரமாகும். எனவே அந்த மெயிலின் தலைப்புப் பகுதியில் "இது நீக்கப்பட்டது" என்று ஓர் அடையாளம் மட்டும் போடப்படுகிறது. பட்டியலில் மறைந்துவிடும், பைலில் அப்படியே இருக்கும். பரணில் போட்ட பழைய பானை போல.

உண்மையில் இடம் காலியாக வேண்டும் என்றால் போல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து கம்பாக்ட் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போது அடையாளம் போட்ட மெயில்களை விட்டுவிட்டு, மற்றவற்றை மட்டும் கொண்டு புதிய பைல் எழுதப்படும். அதற்குப் பின் பழையதை மீட்பது மிகக் கடினம். ஓரளவுக்கு மேல் இடம் மிச்சமாகும் என்றால் தண்டர்பேர்ட் தானாகவே "கம்பாக்ட் செய்யட்டுமா?" என்று கேட்கும்.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்து அவுட்லுக் எக்ஸ்பிரஸ் புரோகிராமிலும் இதே கதைதான். அதன் டி.பி.எக்ஸ். பைல் 2 கிகாபைட்டை நெருங்கினால் தகராறு செய்யத் தொடங்கும். கிளாசிக் அவுட்லுக்கின் பி.எஸ்.டி. பைலிலும், நீக்கியவுடன் பைல் சிறியதாகாது. கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது பின்னணியில் மெல்லச் சுருங்கும்; உடனே சுருங்க வேண்டும் என்றால் டேட்டா பைல் செட்டிங்ஸ் பகுதியில் உள்ள கம்பாக்ட் நவ் பட்டனை அழுத்த வேண்டும்.

காப்பாற்றிய கேன்சல்

எனவே அத்தை கேட்டபோது என் முன் இருந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான். இந்த நான்கு வருடத்தில் மாமா ஒரு முறையாவது கம்பாக்ட் செய்தாரா?

மாமாவிடம் ஒரு வழக்கம் உண்டு. திரையில் புரியாத ஆங்கிலக் கேள்வி எது வந்தாலும் கேன்சல் பட்டனைத்தான் அழுத்துவார். "கரண்டு எப்ப போகும்னு தெரியாது. பாதியில போனா உள்ளதும் போயிடும்" என்பார். அவர் பயந்ததிலும் நியாயம் உண்டு. ஊருக்கே மின்சாரம் தரும் நெய்வேலி கூப்பிடு தூரத்தில் இருந்தும், 2012ல் எங்கள் பக்கம் மணிக்கணக்கில் மின்வெட்டு. கம்பாக்ட் நடக்கும்போது மின்சாரம் போனால் மெயில் பைல் கெட்டுப் போக வாய்ப்பு உண்டுதான். இந்த வழக்கத்தை நான் எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன்.

அந்தக் கேன்சல்தான் காப்பாற்றியது.

முதல் வேலையாக, தண்டர்பேர்டைத் திறக்காமலேயே, புரொபைல் போல்டர் முழுவதையும் வேறு டிஸ்க்கில் காப்பி செய்தேன். இந்த மாதிரி சமயத்தில் யாரும் முதலில் செய்ய வேண்டியது இதுதான். மூலத்தில் கை வைக்கக் கூடாது. காப்பியில் இருந்த சென்ட் பைலை ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு மெயிலின் தலையிலும் எக்ஸ்-மொஸில்லா-ஸ்டேட்டஸ் என்ற வரி இருந்தது. சாதாரண மெயில்களில் அதன் மதிப்பு 0001, அதாவது படித்தது. நான் நீக்கியவற்றில் 0009. அதாவது படித்தது, நீக்கப்பட்டது. மாமா எழுதியது எல்லாமே இருந்தது!

பத்து வரியில் ஒரு பைத்தான் புரோகிராம் எழுதி, 0009 என்று இருந்த இடங்களில் எல்லாம் 0001 என்று மாற்றினேன். எம்.எஸ்.எப். இன்டெக்ஸ் பைலை நீக்கினேன். தண்டர்பேர்டைத் திறந்ததும் அது இன்டெக்ஸை மீண்டும் தயாரித்தது. 1,400 கடிதங்கள் வரிசையாக வந்து நின்றன.

ஒரு சிக்கல் பாக்கி இருந்தது. 2007 வரை எழுதியவை யூனிகோட் அல்ல; டிஸ்கி என்ற குறியீட்டில் இருந்தன. திரையில் வெறும் கிறுக்கல்களாகத் தெரிந்தன. என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற மாற்றிகள் இருப்பதால் அவற்றையும் யூனிகோடிற்கு மாற்ற முடிந்தது. உங்களிடமும் பழைய டிஸ்கி, டேப், டாம் எழுத்து மெயில்கள் இருக்கலாம். படிக்க முடியவில்லை என்பதற்காக அழித்துவிடாதீர்கள். அது கெட்டுப் போன பைல் அல்ல. வேறு குறியீடு, அவ்வளவே.

அன்று மாலை அத்தைக்கு நான் படித்துக் காட்டிய முதல் கடிதம், தானே புயலுக்குப் பின் எழுதியது. 2011 டிசம்பர் 30ல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்ட புயல் அது. பல நாள் மின்சாரம் இல்லை. கரண்டு வந்தவுடன் முதலில் உனக்குத்தான் எழுதுகிறேன் என்று மகனுக்குச் சொல்லி, கொல்லையில் விழுந்த முருங்கை மரத்திலிருந்து பண்ருட்டிப் பக்கம் சாய்ந்து போன பலா, முந்திரித் தோப்புகள் வரை எழுதியிருந்தார். "அம்மா பயப்படவில்லை, நான்தான் பயந்தேன், அவளிடம் சொல்லாதே" என்று கடைசியில் ஒரு வரி. அத்தை சிரித்தார்கள். பிறகு அழுதார்கள்.

38 மெகாபைட்

பின்னர் கணக்குப் பார்த்தேன். அந்த 1,400 கடிதங்களும் சேர்ந்து எடுத்துக் கொண்ட இடம் 38 மெகாபைட். 1.6 கிகாபைட்டில் அது ஒரு மூலை. மீதி எல்லாம் 2013க்குப் பிறகு அவர் அனுப்பிய போட்டோக்களும், யாரோ அனுப்பியதை இவர் பத்துப் பேருக்குப் பார்வேர்ட் செய்த வீடியோக்களும்.

இது மாமாவின் கம்ப்யூட்டரில் மட்டும் உள்ள நிலை அல்ல. யூனிகோட் யு.டி.எப்-8 முறையில் ஒரு தமிழ் எழுத்துக் குறிக்கு 3 பைட் தேவை. பக்கத்திற்கு 2,000 குறிகள் என்றால் 6 கிலோபைட். மெயிலில் செல்லும்போது பேஸ்64 முறையில் மாற்றப்பட்டால் அது மூன்றில் ஒரு பங்கு கூடி 8 கிலோபைட் ஆகும். இப்போது மொபைல் போனில் எடுத்த 4 மெகாபைட் போட்டோ ஒன்றை இணைத்து அனுப்புங்கள். அதுவும் அதே முறையில் பெருகி 5.3 மெகாபைட் ஆகும். அதாவது ஒரே ஒரு போட்டோவின் இடத்தில் 600 பக்கத்திற்கும் மேல் தமிழ்க் கடிதம் வைக்கலாம். ஒரு கிகாபைட்டில் ஒரு லட்சம் பக்கம் அடங்கும்.

நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணை வாரி ஒதுக்கிவிட்டு, கரியை எடுத்துப் பாதுகாப்பார்கள். நான் செய்தது நேர்மாறு. கரியை வாரிக் கொட்டிவிட்டு, மண்ணைப் பத்திரமாக வைத்திருந்தேன்.

என்ன செய்யலாம்?

இடம் குறைந்தால் தேதிப்படி அடுக்காதீர்கள், அளவுப்படி அடுக்குங்கள். தண்டர்பேர்டில் சைஸ் என்ற பத்தியை வரவழைத்து அதில் கிளிக் செய்தால், பெரிய மெயில்கள் மேலே வரும். ஜிமெயிலிலும் தேடல் கட்டத்தின் ஓரம் உள்ள விருப்பங்களில், இத்தனை மெகாபைட்டிற்கு மேல் என்று கொடுத்துத் தேடலாம். முதல் 50 மெயில்களைக் கவனித்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பெரிய மெயில் என்பதற்காக அதை முழுவதும் நீக்க வேண்டியதும் இல்லை. இணைப்பின் மேல் ரைட் கிளிக் செய்து டிடாச் கொடுங்கள். போட்டோ தனியே நீங்கள் சொல்லும் இடத்தில் சேவ் ஆகும், மெயிலிலிருந்து கழன்றுவிடும், எழுதிய வார்த்தைகள் அப்படியே இருக்கும். வருட வாரியாகப் போல்டர் போட்டுச் சேமித்தால் தேடுவது எளிது.

எல்லாவற்றையும் இன்பாக்ஸிலேயே போட்டு வைக்காதீர்கள். மெயிலைத் தேர்ந்தெடுத்து ஆர்க்கைவ் கொடுத்தால், வருட வாரியாகத் தனித்தனிப் போல்டர்களுக்குப் போய்விடும். ஒவ்வொன்றும் தனி பைல் என்பதால், ஒன்று கெட்டாலும் மற்ற வருடங்கள் பிழைக்கும். பேக்கப் எடுப்பதும் சுலபம்.

இவை முடிந்த பிறகு புரொபைல் போல்டரை ஒரு காப்பி எடுங்கள். ஹெல்ப் மெனுவில் டிரபிள் ஷூட்டிங் இன்பர்மேஷன் பகுதிக்குச் சென்றால் அது எங்கே இருக்கிறது என்று தெரியும். காப்பி எடுத்துச் சரி பார்த்த பிறகே கம்பாக்ட். அதுவும் யு.பி.எஸ். அல்லது லேப்டாப் பேட்டரி துணையுடன்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. மாமா பயன்படுத்தியது பாப் முறை. மெயில் அவர் கம்ப்யூட்டருக்கே இறங்கிவிடும். இப்போது பெரும்பாலோர் பயன்படுத்துவது ஐமேப் முறை. இதில் நீங்கள் கம்ப்யூட்டரில் பார்ப்பது சர்வரில் உள்ளதன் நிழல். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். மொபைல் போனிலும் இருக்காது. என் கதையில் நடந்தது போல மீட்கலாம் என்று நம்பி விடாதீர்கள். சர்வரில் இடம் மிச்சப்படுத்த விரும்பினால், முதலில் லோக்கல் போல்டர்ஸ் பகுதிக்குக் காப்பி செய்யுங்கள்; திறந்து படித்துப் பாருங்கள்; பேக்கப் எடுங்கள்; அதன் பிறகு சர்வரில் நீக்குங்கள்.

இரண்டு ஆட்சேபணைகள்

இதை என் அலுவலக நண்பர்களிடம் சொன்னால் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள்.

"எல்லாம்தான் கூகுளிடம் இருக்கிறதே, நம் டிஸ்க்கில் எதற்கு?" என்பது ஒன்று. 2004 ஏப்ரல் 1ல் ஜிமெயில் வந்தபோது 1 கிகாபைட் இடம் தந்தது. ஹாட்மெயில் 2 மெகாபைட் கொடுத்துக் கொண்டிருந்த நாள் அது. இனி எதையும் அழிக்கவே வேண்டாம் என்று நாம் எல்லோரும் நம்பினோம். 2013 முதல் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 கிகாபைட். 2021 ஜூன் முதல், அளவு சுருக்கி ஏற்றும் புதிய போட்டோக்களும் அந்தக் கணக்கில் சேர்ந்தன. எனவேதான் இன்று "இடம் நிறைந்துவிட்டது, பணம் கட்டுங்கள்" என்று வருகிறது. அதைவிட முக்கியம், 2 வருடம் திறக்கப்படாத தனிநபர் அக்கவுண்ட்களை நீக்கலாம் என்ற விதியை 2023ல் அறிவித்து, அந்த டிசம்பர் முதல் நடைமுறைக்குக் கொண்டு வந்தார்கள். இறந்தவர் லாக் இன் செய்ய மாட்டார் அல்லவா? வீட்டில் வயதானவர்கள் இருந்தால், அவர்கள் சம்மதத்துடன், கூகுள் அக்கவுண்டில் உள்ள இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர் பகுதியில் நம்பகமான ஒருவரின் முகவரியைக் கொடுத்து வைப்பது நல்லது.

"டிஸ்க் விலை மலிவு, எதையும் அழிக்காமல் வைத்துக் கொண்டால் போகிறது" என்பது இன்னொன்று. இதுவும் சரியல்ல. வைத்துக் கொள்வது வேறு, பாதுகாப்பது வேறு. 20 கிகாபைட்டில் ஒற்றை இன்பாக்ஸ் பைல் வைத்திருப்பவர் பேக்கப் எடுக்கச் சோம்பல் படுவார். ஒரு நாள் டிஸ்க் படுத்தால் மண்ணும் போகும், கரியும் போகும்.

புரோகிராம்கள் வரும், போகும். அவுட்லுக் எக்ஸ்பிரஸ் போயிற்று. விண்டோஸ் லைவ் மெயில் போயிற்று. விண்டோஸ் 10ல் வந்த மெயில் அப்ளிகேஷனுக்கும் 2024 டிசம்பருடன் மைக்ரோசாப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது. எந்த எடிட்டரிலும் திறக்கக்கூடிய சாதாரண டெக்ஸ்ட் பைலாக இருந்ததால்தான் மாமாவின் கடிதங்களை என்னால் மீட்க முடிந்தது. அந்த வகையிலும், எம்பாக்ஸில் ஒரு காப்பி வைத்திருப்பது புத்திசாலித்தனம் என்பேன்.

இப்போது அந்தக் கடிதங்கள் மூன்று இடங்களில் இருக்கின்றன: அத்தை வீட்டில், என் லேப்டாப்பில், அத்தானின் டிஸ்க்கில். நான் ஊருக்குப் போகும் போதெல்லாம் அத்தைக்கு இரண்டு கடிதம் படிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். இன்னும் 2008ஐத் தாண்டவில்லை.

உங்கள் கம்ப்யூட்டரிலும் எச்சரிக்கை வரும்போது, பழைய மெயில்களில் கை வைக்கும் முன் அந்தச் சென்ட் போல்டரைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். நாம் எழுதியதை நாம் படிப்பதே இல்லை. பின்னால் தேடப் போவது நம் வீட்டார்தான்.